எர்மெஸின் பூட்டு

சவப்பெட்டியை ஏற்றியதுமே இழுவண்டியின் இடது சக்கரம் தரையோடு அமுங்கிவிட்டது.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றான் ஔரேலியோ. செத்துப்போன எர்மெஸுக்கு அவன் ஒரே தம்பி. கீழே நகரத்தில் தபாலாபீஸில் வேலை பார்ப்பவன். கறுப்புக் கோட்டின் வாலை மடித்துக்கொண்டு குனிந்து பம்பை மாட்டினான். "போன வாரம் வரைக்கும் சரளைக்கல்லு ஏத்தின வண்டி. இதுல போய் அவனையே ஏத்துறோம். ஊரே சிரிக்கப் போகுது, நீவெஸ்."

"சிரிக்கட்டும். நீ காத்தை அடி."

"பெரிய கார் ஏற்பாடு பண்றேன்னு சொன்னேன். பூவெல்லாம் வெச்சு, கண்ணாடி போட்டு…"

"காரு எப்படி வரும்? பாதையில கம்பம் பூட்டிக் கிடக்கு."

"அதான் ரம்பம் கொண்டுவந்திருக்கேனே. எப்படியும் அங்க போனதும் அறுக்கத்தானே போறோம்?"

எர்மெஸின் மனைவி நீவெஸ் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நின்றாள். பைக்குள் சாவி இருந்தது. விரல் நீளப் பித்தளைச் சாவி. மூன்று நாட்களாக அது அவளைவிட்டு நகரவில்லை. ஏப்ரன் பையிலிருந்து கவுனுக்கும், கவுனிலிருந்து இந்தக் கோட்டுக்கும் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. ஔரேலியோ அதைத் தேடி அண்ணனின் சட்டைப் பைகளைத் துழாவினான், மேசை இழுப்பறைகளைக் கவிழ்த்தான், கோழிக்கூண்டில்கூடக் கையை விட்டுப் பார்த்தான். அவளும் கூடவே தேடினாள். அவ்வளவு நன்றாகத் தேடினாள், சில சமயம் அவளுக்கே அது தொலைந்துபோய்விட்டதாகத் தோன்றியது.

ஒரு காலத்தில் இந்த வழியாக ரயில் போனது. பிறகு ரயிலுக்கு மலைக்கு உள்ளேயே நீளமாக ஒரு குகை குடைந்து கொடுத்துவிட்டார்கள். பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துத் தார் போட்டதும், ஃபெல்லா ஆற்றோடு கூடவே இறங்கும் இந்த வழி சைக்கிளுக்கு என்று ஆகிப்போனது. வடக்கே பனிமலைகளுக்கு அந்தப்பக்கமிருந்து ஜனங்கள் இருபக்கமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். மிதிக்கவே தேவையில்லாமல் நாள் முழுக்க உருண்டு, கடைசியில் கடலில் போய்க் கால் நனைப்பார்கள். இதில் ஒன்பது கிலோமீட்டர் எர்மெஸின் பொறுப்பு. விழுந்த கல்லை அகற்றுவது, இலையைக் கூட்டுவது, குகைக்குள் விளக்கு மாற்றுவது. குடியிருக்க, பழைய தண்டவாளக் காவல்காரனின் வீட்டை ஊராட்சி கொடுத்திருந்தது.

மோட்டார் என்று பெயர் வைத்த எதுவும் பாதையில் உருளக் கூடாது என்பது ஊராட்சியின் விதி. எர்மெஸுக்கோ அது பதினோராவது கட்டளை. ஊர் எல்லையில் பாதைக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பம். ஓரமாக ஒரு சைக்கிள் மட்டும் நெளிந்து நுழைய இடம். கம்பத்தில் ஒரு பித்தளைப் பூட்டு. பாதர் எஜீதியோ ஒருமுறை நோயாளிக்கு நற்கருணை கொடுக்கப் போகிறேன் என்று ஸ்கூட்டரில் வந்தபோது, எஞ்சினை அணைக்கச் சொல்லி மூன்று கிலோமீட்டர் தள்ளவைத்தவன் எர்மெஸ். கூடவே தானும் ஒரு கை கொடுத்துத் தள்ளினான் என்பது வேறு விஷயம். ஊரில் யாராவது வாயைத் திறக்காமல் அழுத்தமாக உட்கார்ந்திருந்தால், "எர்மெஸ் பூட்டு மாதிரி இருக்கான் பாரு" என்பார்கள். அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்க்கலாம் என்றுகூட ஒருவருக்கும் தோன்றியதில்லை.

சக்கரம் நிமிர்ந்தது. ஔரேலியோ அண்ணனின் சைக்கிளில் இழுவண்டியைக் கோத்தான். நாலு பக்கத்து வீட்டுக்காரர்கள் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். நீவெஸ் சமையலறைக்குள் போய் அடுப்பை அணைத்தாள். கதவோரம் வெறுமையாக இருந்த ஆணியைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஆறு எங்கோ கீழே பேசிக்கொண்டே இருந்தது. எர்மெஸ் போனதிலிருந்து பாதையைக் கூட்ட ஆளில்லை. தார் தெரியாத அளவுக்குப் செம்பு நிறத்தில் இலைகள் கொட்டிக் கிடந்தன. அவற்றின் மேல் சக்கரங்கள் சத்தமே இல்லாமல் போயின. மூன்று நாள் தூங்காத கண்ணுக்கு, எல்லோரும் மிதந்துகொண்டு போவதாக இருந்தது. ஔரேலியோ ஏறி மிதிக்காமல் ஹாண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தான். பின்சக்கரம் டிக் டிக் டிக் என்றது. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தம் வாசலில் கேட்டால் நீவெஸ் சோளக்களியை அடுப்பிலிருந்து இறக்குவாள். இப்போதும் கை தானாக அசைந்தது.

குகை வாய்க்கு வந்தார்கள். ஆள் நுழைந்ததும் விளக்குகள் தாமாக வரிசையாக எரிந்தன. அவளுக்கு எர்மெஸ் செத்த அந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி வந்து எதிரில் நின்றது.

இலை கூட்டிவிட்டு மத்தியானம் வந்தவன், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினான். மற்றதைக் கழற்றவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மறந்துபோனதை நினைவுபடுத்திக்கொள்கிறவன் மாதிரி தரையைப் பார்த்தான். அவள் போன் போட்டாள். அடர்ந்த மூடுபனியில் ஹெலிகாப்டர் வராது, ஆம்புலன்ஸ் வருகிறது, யாராவது கம்பத்தைத் திறந்து வையுங்கள் என்றார்கள். எதிர்க்கரைச் சாலையை மூன்று வாரத்துக்கு முன்பே மழையில் சரிந்த மலை விழுங்கிவிட்டிருந்தது. வீட்டுக்கு வர இந்தப் பாதையை விட்டால் வேறு வழியில்லை. அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்து ஏப்ரனில் போட்டுக்கொண்டு சைக்கிளை நோக்கி ஓடினாள்.

"எங்க ஓடுற?"

"கம்பத்தைத் திறக்க."

"வேண்டாம். போகாத." அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை. "ஆஸ்பத்திரி வேண்டாம் எனக்கு. போன குளிர்காலத்துலயே போதும் போதும்னு ஆயிடுச்சு. இப்படி என் பக்கத்துல உக்காரு, நீவெஸ்."

சைக்கிளில் போனால் ஐந்தே நிமிஷம். அவள் உட்கார்ந்தாள். போன் மறுபடி அடித்தது. "சாவி கிடைச்சுதா?" என்று கேட்டார்கள். "தேடிக்கிட்டிருக்கேன்," என்றாள். சாவி தொடையில் குத்திக்கொண்டிருந்தது. அவனுடைய இன்னொரு பூட்ஸைக் கழற்றினாள். காலுறையில் ஓட்டை. வாசலிலிருந்து பார்த்தால் பனிக்குள் குகை வாய் மங்கலாகத் தெரியும். விளக்குகள் எரிந்தன. யாரோ ஓடி வருகிறார்கள் என்று தெரிந்தது. அணைந்தன. மறுபடி எரிந்தன. அவன் தோள் அவள் மேல் கனமாகச் சாய்ந்தபோது இரண்டாவது தடவை அணைந்தன.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் ஓடிவந்தவர்களில் வயதானவர், ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "பத்து நிமிஷம் முந்தி வந்திருந்தா… யாரு கண்டா." அந்தப் பத்து நிமிஷம்தான் மூன்று நாளாக அவள் பையில் கனத்துக்கொண்டிருந்தது. அவன் கேட்டான், அவள் கொடுத்தாள். அது சரி. ஆனால் கேட்டது அவன்தானா, வலிதானா? கட்டினவள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா?

பட்டென்று குகை இருண்டது.

"என்ன ஆச்சு?" என்று ஔரேலியோ பதறினான்.

"ஒண்ணும் ஆகல," என்றாள் நீவெஸ். "நாலு நிமிஷம்தான் எரியும். சைக்கிள்காரங்களுக்குன்னு வெச்சது. நாம நடக்குறோம்ல."

"இதைக்கூடச் சரிபண்ணாம போயிட்டானா?"

"நின்னாதான் இருட்டு, நடந்துக்கிட்டே இருங்கடான்னு சொல்லுவான்."

நின்றிருந்த சைக்கிளின் முன்விளக்கும் அணைந்திருந்தது. சக்கரம் சுற்றினால்தான் அதற்கு உயிர். பின்னால் எங்கோ கிணிங் என்று ஒரு மணிச் சத்தம். திரும்பிப் பார்த்தால், எப்போது வந்து சேர்ந்துகொண்டார்களோ, மங்கலான பேட்டரி விளக்கு எரியும், பைகள் தொங்கும் சைக்கிள்களோடு வெளிநாட்டுத் தம்பதி ஒன்று நின்றது. இருவரும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். முந்திக்கொண்டு போக அவர்களுக்கு மனம் வரவில்லை. கடலுக்குப் போகிறவர்கள், சாவு ஊர்வலத்தின் வாலில் நடந்துகொண்டிருந்தார்கள். ஔரேலியோ சைக்கிளைத் தள்ளினான். முன்விளக்கு முதலில் சிவப்பாக முனகி, பிறகு மஞ்சளாகி, ஈரச் சுவரில் வட்டமாக விழுந்தது. எர்மெஸின் விளக்கு முன்னால் போக, எல்லோரும் அதன் பின்னால் போனார்கள். நீவெஸுக்கு அந்தக் குகை முடியாமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. முடிந்தால் இரும்புப் பாலம், பாலம் முடிந்தால் கம்பம்.

கம்பத்துக்கு அந்தப்பக்கம் ஊர் காத்திருந்தது. ஐம்பது பேருக்குக் குறையாது. பாதர் எஜீதியோ வெள்ளை அங்கியில், கையில் தீர்த்தச் செம்போடு முன்னால் நின்றார். அவர் பின்னால் ஆம்புலன்ஸ் சீருடையோடேயே நோயமி வந்திருந்தாள். இருபத்தாறு வயது. அன்றைக்கு வண்டியை ஓட்டிவந்தவள் அவள்தான். பதினாறு வயதில் மொபெட்டில் பாதைக்குள் நுழைந்தபோது அதன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் கழித்து அதைப் பளபளவென்று துடைத்துத் திருப்பிக் கொடுத்தவன் எர்மெஸ். அவள் கண் வீங்கியிருந்தது.

ஔரேலியோ பையிலிருந்து ரம்பத்தை எடுத்தான். எடுத்தவன் நோயமியைப் பார்த்ததும் நின்றுவிட்டான். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"இதோ, இந்த ரம்பம் எவ்வளவு வெல? பத்து யூரோ. உங்க வண்டியில ஒண்ணு இருந்திருக்கக் கூடாதா? அங்க எங்கண்ணன் உயிருக்குப் போராடிக்கிட்டிருக்கான், இங்க நீங்க ஒரு பூட்டைப் பாத்துட்டு நின்னீங்களாக்கும்?"

"ஔரேலியோ…" என்றார் பாதர்.

"இல்ல பாதர், இவளே சொல்லட்டும். ஒரு தடவை இழுத்தாவது பாத்தியா? ஆட்டியாவது பாத்தியா?"

நோயமி பூட்டைக் காட்டினாள். "எர்மெஸோட பூட்டு," என்றாள். "அதைப் போய் யாரு இழுத்துப் பாப்பாங்க? எனக்குத் தெரியாதா அவரை? பாத்த உடனே ஸ்ட்ரெச்சரை இறக்குங்கன்னு கத்தினேன். ஓடினேன். என்னால முடிஞ்சமட்டும் ஓடினேன்."

அந்த இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். ஆனால் அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்தப் பெண் தன் சீருடையின் முனையைத் திருகிக்கொண்டு நின்றாள். இனி ஆயுசுக்கும் இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் இவள் இப்படித்தான் நிற்பாள் என்று நீவெஸுக்குத் தெரிந்தது.

"அவளை விடு," என்றாள். "சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

கையை வெளியே எடுத்து விரித்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"இப்ப கிடைச்சுதா?" என்றான் ஔரேலியோ.

"இல்ல. அன்னிக்கே இருந்துச்சு. போன்ல கேட்டப்பவும் இருந்துச்சு."

பாதர் எஜீதியோ தீர்த்தச் செம்பை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். ஔரேலியோவின் முகம் வெளுத்தது. அவன் மேலும் ஏதாவது கேட்பதற்குள் நீவெஸ் கம்பத்தருகே போய்விட்டாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஜில்லென்றிருந்த பூட்டை இடது கையால் ஏந்தினாள்.

பூட்டு தளர்ந்து கையில் விழுந்தது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சாவி இன்னும் வலது கையில்தான் இருந்தது. பூட்டின் வளையம் உள்ளே அழுந்தாமல், அழுந்தியது மாதிரி சும்மா தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தெரியாமல் யாரும் அழுத்திப் பூட்டிவிடக் கூடாதென்று துளைக்குள் சின்னதாக ஒரு ரப்பர்த் துண்டு திணிக்கப்பட்டிருந்தது. சிவப்பு ரப்பர்.

அந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியும். மலை சரிந்த அதே வாரத்தில் அவளுக்கு மூச்சுத் திணறல் வந்தது. போன் கம்பியும் அறுந்து கிடந்தது. விடியும்வரை அவளை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் எர்மெஸ். வெளிச்சம் வந்து, மூச்சும் வந்ததும், அவளுடைய சைக்கிளுக்கு வாங்கி வைத்திருந்த புது சிவப்பு ட்யூபைக் கத்தரியால் வெட்டினான். "நல்ல ட்யூபை எதுக்கு வெட்டுற?" என்றாள். "தேவைப்படுது," என்றான். பிறகு பூட்ஸை மாட்டினான். கல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். கட்டினவள் செத்துப் பிழைத்திருக்கிறாள், இந்த மனுஷனுக்குக் கல்லுதான் பெரிதா என்று அன்று முழுக்க அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவளுக்காகத் திறந்து வைத்திருக்கிறான். இன்னொரு தடவை அவளுக்கு மூச்சு முட்டினால், பூட்டை இழுத்தால் வருமென்று ஆம்புலன்ஸுக்குப் போனில் சொல்ல அவன் இருப்பான் என்று நினைத்திருக்கிறான். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். அதுவும் உண்மைதான். பாவி, பாவி, என்று மனசுக்குள் அவனைக் கொஞ்சினாள்.

பின்னால் நோயமி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இழுத்திருந்தால் வந்திருக்கும். ஒரே ஒரு தடவை. அந்தப் பெண் கை வைத்திருந்தால் போதும்.

நீவெஸ் இன்னும் நன்றாகக் குனிந்தாள். கோட்டின் இரு பக்கமும் கம்பத்தை மறைத்தது. திறந்து கிடந்த பூட்டைப் பழையபடி கம்பத்தின் வளையத்தில் ஏந்திப் பிடித்துக்கொண்டு சாவியை உள்ளே விட்டாள். திருகினாள். கடக் என்று சத்தம் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது.

"பாத்தியா, எவ்வளவு இறுக்கம்," என்றாள், திரும்பாமலே. "இழுத்தாலும் வராது. ஆட்டினாலும் வராது. உன் தப்பு ஒண்ணுமில்ல, நோயமி. வந்து கம்பத்தைத் தூக்கு."

நோயமி வந்தாள். கம்பத்தின் எதிர் எடைக்கல் எப்போதோ உடைந்துபோயிருந்தது. தூக்கினால் யாராவது பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அவள் இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

ஔரேலியோ ரம்பத்தைப் பைக்குள் போட்டான். நீவெஸின் முகத்தைப் பார்க்கவில்லை. "பூசை முடியட்டும்," என்றான். "அப்புறம் பேசிக்கலாம்."

"பேசலாம்," என்றாள்.

அவன் ஹாண்டில்பாரைப் பிடித்துத் தள்ளினான். வண்டி நகரவில்லை. பெட்டியின் பின்பக்கம் நாலு கைகள் சேர்ந்தன. சக்கரம் டிக் டிக் என்று உருண்டது. பாதர் தீர்த்தம் தெளித்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டு, மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. சிலர் நீவெஸைத் திரும்பிப் பார்த்தார்கள். ரொட்டிக்கடைக்காரி அவளைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டாள். வருஷக் கணக்காக அவளோடு ஒரே பெஞ்சில் ஜெபமாலை சொன்னவள். நீவெஸ் நகரவில்லை. கடைசியாக வெளிநாட்டுத் தம்பதி சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு, தலைவணங்கியபடி கம்பத்தின் அடியில் நுழைந்து போனது.

"நீ போ," என்றாள் நோயமியிடம். "நான் பிடிச்சுக்கிறேன்."

"நீங்க வரலையா?"

"இதோ பின்னாலயே வரேன். வேலை ஒண்ணு இருக்கு."

நோயமி தயங்கினாள். பிறகு நீவெஸின் தோளில் கையை வைத்து ஒரு தரம் அழுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

கோவில் மணி அடிக்கத் தொடங்கியது. மூடுபனிக்குள் ஒவ்வொருவராகக் கரைந்து போனார்கள். சைக்கிளின் முன்விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தெரிந்தது. நீவெஸ் கம்பத்தை மெல்ல இறக்கினாள். சாவியைப் பைக்குள் போட்டாள். பூட்டை எடுத்து, சிவப்பு ரப்பர் துளைக்குள் சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். அது இருந்தது. பூட்டை வளையத்தில் தொங்கவிட்டாள்.

அழுத்தவில்லை.